கண்டி ஏரியில் பார்த்தது உடும்பா, கபரகொய்யாவா? இந்தப் பெயர்க் குழப்பத்தை யாராவது தீர்த்து வையுங்கள்

கூவம்கரை எழுதியது:

போன மாதம் குடும்பத்தோடு இலங்கைக்குப் போயிருந்தோம். கண்டியில் ஏரிக்கரையோரமாக நடந்துகொண்டிருந்தபோது தண்ணீரிலிருந்து ஒன்று ஆடி அசைந்து ஏறி நடைபாதைக்கு வந்தது. பையன் ‘முதலை’ என்று அலறிவிட்டான். நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி ‘உடும்புடா, பயப்படாதே’ என்றேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தமிழர்தான், சிரித்துக்கொண்டே ‘உடும்பு இல்லை சார், கபரகொய்யா’ என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ‘உடும்பைத் தின்னலாம், இதைத் தின்னக் கூடாது, அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டார்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவன். ஏரிக்கரையிலும் கள்ளிவேலியிலும் உடும்பு பார்த்துப் பழக்கம் உண்டு. ஆனால் இது ஆறடிக்குக் குறையாது, கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி வேறு. ஊருக்கு வந்து இணையத்தில் தேடினால் தலை சுற்றுகிறது. ஒரு இடத்தில் வரானஸ் சால்வேட்டர் என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் அதே பெயர் இரண்டு முறை, சால்வேட்டர் சால்வேட்டர் என்று. பழைய குறிப்பு ஒன்றில் சால்வேட்டர் கபரகொய்யா. சிங்கப்பூரில் எடுத்த படத்துக்குக் கீழே மேக்ரோமாகுலேட்டஸ். நியூகினிப் பக்கம் சால்வடோரியை என்று ஒன்றாம். இதெல்லாம் ஒரே பிராணியா? எது நம்ம ஊர் உடும்பு? ஒரு பிராணிக்கு எதற்கு இத்தனை பெயர், அதை யார் முடிவு செய்கிறார்கள்? பையனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, மானம் போகாமல் காப்பாற்றுங்கள்.

மட்டுவான் எழுதியது:

ஆட்டோக்காரர் சொன்னது சரிதான் அண்ணை. எங்கட பக்கம் சின்னப் பிள்ளையும் இரண்டையும் பிரித்துச் சொல்லும். உடும்பு என்றால் காட்டிலும் தோட்டத்திலும் திரிகிறது, மண்நிறம், ஆளைக் கண்டால் ஓடிவிடும் அல்லது மரத்தில் ஏறும். சிங்களத்தில் அதற்குத் தலகொயா என்று பெயர். கபரகொய்யா வாவி, வாய்க்கால், குப்பைமேடு என்று தண்ணீரும் கழிவும் உள்ள இடத்தில் கிடக்கும், செத்ததைத் தின்னும். ஆளைக் கண்டாலும் அவ்வளவு சீக்கிரம் அசையாது. நாய் கிட்டப் போனால் வாலால் ஒரு அடி, நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடும். நான் கண்ணால் கண்டது.

‘கபர’ என்றால் சிங்களத்தில் புள்ளி புள்ளியான, பல நிறம் கலந்த என்று பொருள். ‘கொயா’ உடும்பு. ஆக அவர்கள் சொல்வது புள்ளியுடும்பு, நாங்கள் அந்தப் பெயரையே எடுத்துத் தமிழில் கபரகொய்யா ஆக்கிவிட்டோம். அதன் கொழுப்பில் நஞ்சு காய்ச்சுவார்கள், ‘கபர தெல்’ என்று பெயர், வெற்றிலையில் தடவிக் கொடுத்தால் ஆள் முடிந்தான் என்றெல்லாம் கதை உண்டு. அந்தப் பயத்தில்தானோ என்னவோ அதை யாரும் தொடுவதில்லை. அதற்கு நல்ல காலம்.

பல்லிநேசன் எழுதியது:

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆட்டோக்காரருக்கு ஒரு வணக்கம். அவர் சொன்ன அதே வித்தியாசத்தை 1681ல் லண்டனில் அச்சான ஒரு புத்தகத்தில் ராபர்ட் நாக்ஸ் எழுதியிருக்கிறார். கண்டி அரசனிடம் கிட்டத்தட்ட இருபது வருடம் சிறைப்பட்டிருந்துவிட்டுத் தப்பிப்போன ஆங்கில மாலுமி. கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட, தண்ணீரில் மூழ்குகிற, பிணம் தின்கிற ஒன்று, அது தின்ன உதவாது. அதே மாதிரி இன்னொன்று, அளவில் சிறியது, இறைச்சி பிரமாதம் என்கிறார். மட்டுவான் சொன்ன நாய்க்கு வாலடி கூட அதில் வருகிறது. ஒரே ஒரு சறுக்கல், சிறியது இலைதழை மட்டும் தின்னும் என்று எழுதிவிட்டார். உடும்பு இலை தின்னாது. பூச்சி, முட்டை, நண்டு, எலி என்று அகப்பட்டதை விழுங்கும். அதை விட்டுவிட்டால் இரண்டு இனம் என்பது அப்போதே பதிவாகிவிட்டது. ஐரோப்பிய விஞ்ஞானம் இதில் பெரியதற்குப் பெயர் வைக்க இன்னும் 87 வருடம் ஆனது.

நம்ம ஊர் உடும்பு வரானஸ் பெங்காலென்சிஸ், 1802ல் டோடான் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். வங்காளத்து உடும்பு என்று அர்த்தம், ஆனால் தமிழ்நாடு, இலங்கை எல்லா இடத்திலும் உண்டு. நீங்கள் கண்டியில் பார்த்தது வரானஸ் சால்வேட்டர். தமிழ்நாட்டுக் காடுகளில் அது இல்லை. இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கனிகா, வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் நிக்கோபார் பக்கம் போக வேண்டும்.

எடுத்த படம் இருந்தால் மூக்கைப் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள், வயதாக ஆகப் புள்ளி மங்கிவிடும். மூக்குத்துவாரம் வட்டமாக, மூஞ்சியின் நுனிக்குப் பக்கத்தில் இருந்தால் சால்வேட்டர். கண்ணுக்கும் நுனிக்கும் ஏறக்குறைய நடுவில் சாய்ந்த கீற்று மாதிரி இருந்தால் நம்ம உடும்பு. நீந்துகிறவனுக்கு மூக்கு நுனியில் இருப்பதுதானே வசதி. வாலும் அப்படித்தான், சால்வேட்டருக்குப் பக்கவாட்டில் தட்டையாக, துடுப்பு மாதிரி இருக்கும்.

இப்போது பெயர்க் கதை. 1768ல் வியன்னாவில் லாரென்டி என்பவர் ‘ஸ்டெல்லியோ சால்வேட்டர்’ என்று ஒரு பெயர் வைத்தார். எதைப் பார்த்து? உயிரோடு பார்த்தா, ஊறவைத்த உடலைப் பார்த்தா? இரண்டும் இல்லை, ஒரு படத்தைப் பார்த்து! ஆம்ஸ்டர்டாமில் செபா என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களிடம் பாம்பு, பல்லி, சங்கு என்று எதுவானாலும் வாங்கிச் சேர்ப்பார், அதையெல்லாம் படம் போட்டுப் பெரிய பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அந்தப் படங்களில் ஒன்றுதான் நம்ம கதாநாயகன். கப்பல்காரன் விற்ற சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆக, பெயர் இருக்கிறது, ஊர் இல்லை.

ஊர் இல்லாதது வெறும் சில்லறை விஷயம் என்று தோன்றும். ஆனால் இந்த இனம் இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரை பரவியிருக்கிறது, இடத்துக்கு இடம் சாயல் மாறுகிறது. பிரித்துப் பெயர் வைக்கும்போது ‘அசல் சால்வேட்டர் எது’ என்று ஒருவர் கேட்பார் அல்லவா, அதற்குப் பதில் வேண்டும். பிற்பாடு ராபர்ட் மெர்ட்டென்ஸ் என்ற ஜெர்மன்காரர், உடும்புகளுக்கே ஒரு பெரிய ஆய்வு எழுதியவர், அந்த ஊர் இலங்கைதான் என்று முடிவுகட்டினார். (இந்த மெர்ட்டென்ஸ் கடைசியில் தான் வளர்த்த பாம்பு கடித்து 1975ல் செத்தார். 18 நாள் கிடந்து, அத்தனை நாளும் உடம்பில் என்ன நடக்கிறது என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். என்ன ஜென்மமோ.)

இதற்கு நடுவில் இலங்கை அருங்காட்சியகத்தை நடத்திய தெரணியகல, உள்ளூர்க்காரர், 1944ல் அந்தமான் உடும்புக்கு ஆண்டமனென்சிஸ் என்றும் தாய்லாந்து உடும்புக்கு மேக்ரோமாகுலேட்டஸ் என்றும் துணையினப் பெயர் வைத்தார் (துணையினம் என்றால் ஒரே இனத்துக்குள் ஒரு உட்பிரிவு). 1947ல் சொந்த நாட்டு உடும்புக்குக் கபரகொய்யா என்றே வைத்தார். எனக்கு இந்தப் பெயர்களிலேயே பிடித்தது அதுதான். ஆனால் விதி என்ன சொல்கிறது? ஒரே பிராணிக்கு இரண்டு பெயர் இருந்தால் மூத்த பெயர்தான் நிற்கும். சால்வேட்டரின் சொந்த ஊர் இலங்கை என்று ஆகிவிட்டபோது இலங்கை உடும்புக்கு 1768லேயே பெயர் இருக்கிறது, 1947க்கு வேலை இல்லை. கபரகொய்யா தள்ளுபடி. நீங்கள் பார்த்த பழைய குறிப்பு அந்தக் காலத்து மிச்சம்.

இரட்டைப் பெயரும் அதே விதியிலிருந்து வருவதுதான். ஒரு இனத்தைத் துணையினங்களாகப் பிரித்தால், முதலில் பெயர் வாங்கிய கூட்டத்துக்கு அந்தப் பெயரே இன்னொரு முறை ஒட்டும். அதற்கு மேல் தகுதி, பெருமை எதுவும் இல்லை. ஆகவே கண்டியில் பார்த்தது வரானஸ் சால்வேட்டர் சால்வேட்டர். 2007ல் ஜெர்மனியில் கோக், போமே முதலியோர் இந்தக் கூட்டத்தை மொத்தமாக அலசி, அசல் சால்வேட்டர் இலங்கையில் மட்டும்தான் என்று சுருக்கினார்கள். தாய்லாந்து, மலாயா, சுமத்ரா, போர்னியோ பக்கத்துக்குத் தெரணியகல வைத்த மேக்ரோமாகுலேட்டஸ் தூசு தட்டி எடுக்கப்பட்டது. மனிதர் தன் நாட்டுக்கு வைத்த பெயர் போயிற்று, அடுத்தவன் நாட்டுக்கு வைத்தது நிலைத்துவிட்டது. மேக்ரோமாகுலேட்டஸ் என்றால் என்ன தெரியுமா? பெரும்புள்ளி. மட்டுவான் சொன்ன ‘கபர’வைக் கிரேக்கமும் லத்தீனும் கலந்து சொன்ன மாதிரிதான்.

சால்வடோரியை முற்றிலும் வேறு. பாப்புவா பக்கம் மரத்தில் வாழ்வது, மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வால். சால்வடோரி என்ற இத்தாலியப் பறவை ஆய்வாளரின் நினைவாக 1878ல் வைத்தது. சால்வேட்டர் என்றால் லத்தீனில் காப்பாற்றுகிறவன். ஒலி ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் விவரம் தெரிந்தவர்கள் கூட வழுக்கி விழுகிற இடம்.

கூவம்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூக்குத்துவாரம் நுனியிலேயேதான் இருக்கிறது. பையனிடம் காட்டிவிட்டேன், ‘அப்போ நீங்க சொன்னது தப்பு’ என்கிறான். சரி.

ஆனால் காப்பாற்றுகிறவன் என்று ஏன் பெயர்? யாரை எதிலிருந்து காப்பாற்றியது? அப்புறம் இங்கிலீஷில் இதை மானிட்டர் என்கிறார்களே, வகுப்பில் பெயர் எழுதிக் கொடுப்பவனை அல்லவா மானிட்டர் என்போம்?

பல்லிநேசன் எழுதியது:

அது ஒரு அழகான காது தவறு. அரபியில் இந்தப் பிராணிக்கு வரல், வரன் என்று பெயர். அதிலிருந்துதான் மெர்ரெம் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1820ல் வரானஸ் என்ற பேரினப் பெயரை, அதாவது உடும்பு இனங்களுக்கெல்லாம் பொதுவான முதல் பெயரை, எடுத்தார். அதே அரபிச் சொல் ஜெர்மன்காரர் காதில் ‘வார்னென்’ என்று விழுந்தது, அவர்கள் மொழியில் எச்சரிப்பது. ஓகோ, முதலை வருகிறது என்று மனிதனை எச்சரிக்கிற பல்லி போல என்று கதை கட்டி, அதை லத்தீனில் மொழிபெயர்த்து மானிட்டர், அதாவது எச்சரிப்பவன், ஆக்கிவிட்டார்கள். உங்கள் வகுப்பு மானிட்டரும் அதே லத்தீன்தான். முதலையிலிருந்து காப்பாற்றுகிற சால்வேட்டரும் அந்த நம்பிக்கையின் தொடர்ச்சி என்றுதான் சொல்வார்கள். உண்மையில் இது முதலை முட்டையைத் தோண்டித் தின்னும், மற்றபடி நம்மை எச்சரிக்க அதற்கு என்ன தலையெழுத்து? ஆனால் கதை விடவில்லை. 1997ல் நீருடும்புகளுக்கென்று ஒரு துணைப்பேரினம் உண்டாக்கியபோது அதற்குச் சோட்டெரோசாரஸ் என்று வைத்தார்கள். சோட்டெர் என்றால் கிரேக்கத்தில் காப்பாற்றுகிறவன். காதில் தப்பாக விழுந்த ஒரு சொல் மூன்று மொழியில் பட்டம் வாங்கிவிட்டது.

ஈப்போக்காரன் எழுதியது:

எங்கள் ஊரில் மழை பெய்து முடிந்தால் சாக்கடையில் இரண்டு நிச்சயம் கிடக்கும். மலாய்க்காரர்கள் பியாவாக் என்பார்கள், வீட்டில் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம், உடும்பு என்று சொல்வது தாத்தா பாட்டி மட்டும்தான். அந்தத் தாத்தா ‘இது நம்ம ஊர் உடும்பு இல்லை, அது வேற ஜாதி’ என்று சொல்வார், நாங்கள் ஊர்ப் பெருமை பேசுகிறார் என்று நினைத்தோம். அவர் சொன்னது சரி என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

பெயர் என்று பேச்சு வந்ததால் ஒன்று. பாங்காக்கில் லும்பினி பூங்காவில் இது ஏராளம். தாய் மொழியில் இதன் சொந்தப் பெயர் கடுமையான வசைச்சொல், வீட்டில் வாயைத் திறந்து சொல்ல முடியாது. அதனால் மரியாதையாகப் பேச வேண்டிய இடத்தில் ‘வெள்ளியும் பொன்னுமானது’ என்ற அர்த்தத்தில் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். ஒரு முறை அதிகாரிகள் பெயரையே மாற்றிவிடலாம், வரானஸ் என்ற ஒலிக்குக் கிட்டத்தில் வரநுச் என்று வைக்கலாம் என்று கிளம்பினார்கள். அந்தப் பெயரில் நிஜமாகவே பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் சும்மா இருப்பார்களா?

வெட்டிப்பேச்சு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒரு எரிச்சல். நேற்று ஒரு பெயர், இன்று ஒரு பெயர், நாளைக்கு இன்னொருவர் வந்து வேறு பெயர் வைப்பார். பத்து பேர் உட்கார்ந்து ஒரு பல்லியை அஞ்சாகப் பிரிப்பதால் பல்லிக்கு என்ன லாபம்? உடும்பு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

பல்லிநேசன் எழுதியது:

எரிச்சல் நியாயமானது, எனக்கும் சில சமயம் வரும். 1987ல் தாய்லாந்தில் முழுக்கக் கறுப்பான உடும்பு ஒன்றைத் தனித் துணையினம் என்று சொல்லிக் கோமைனி என்று பெயர் வைத்தார்கள். 2007ல் பார்த்தால் அது கறுப்பாகப் பிறந்த மேக்ரோமாகுலேட்டஸ், அவ்வளவுதான். கறுப்பாகப் பிறந்தவனுக்குத் தனி ஜாதி!

ஆனால் பல்லிக்கு லாபம் இல்லை என்று சொல்லாதீர்கள். தோல் வியாபாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகார வார், கைப்பை என்று இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருடத்துக்கு லட்சக்கணக்கில் நீருடும்புத் தோல் போகிறது, சட்டப்படியே, ஒதுக்கீடு வைத்து. காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸில் சால்வேட்டர் இரண்டாம் பட்டியல், அதாவது கட்டுப்பாட்டோடு விற்கலாம். நம்ம உடும்பு முதல் பட்டியல், வியாபாரமே கூடாது. ஆக பெயர் எது என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தோலைக் கப்பலில் ஏற்றலாமா கூடாதா என்பதே.

2007 வரை பிலிப்பைன்ஸின் மார்மொராட்டஸ், குமிங்கி, நுகாலிஸ், சுலவேசிப் பக்கத்து டோகியானஸ் எல்லாம் சால்வேட்டரின் துணையினம் என்றுதான் கணக்கு. குமிங்கி தலை மஞ்சளாக இருக்கும், பார்த்தால் யாரும் கபரகொய்யா என்று சொல்ல மாட்டார்கள். இப்போது நான்கும் தனித்தனி இனம். 2010ல் பாலவான் தீவிலிருந்தும் தாவி தாவி தீவிலிருந்தும் இன்னும் இரண்டு இனம் பிரித்தார்கள். இவையெல்லாம் சில தீவுகளில் மட்டும் இருப்பவை. ‘சால்வேட்டர் ஏராளமாக இருக்கிறது’ என்று ஒரே மூட்டையில் கட்டிவைத்தால், ஒரு தீவில் இருப்பது மொத்தமாகக் காலியானாலும் கணக்கில் தெரியவே தெரியாது.

உடும்பு என்றே சொல்லலாம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கூடவே ஒரு அடைமொழி வேண்டும். இந்தியாவிலேயே நான்கு உடும்பு இருக்கிறது. நம்ம உடும்பு, நீருடும்பு, வடக்கில் மஞ்சள் உடும்பு, ராஜஸ்தான் பக்கம் பாலைவன உடும்பு. நான்குமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது உச்சப் பாதுகாப்பு.

மட்டுவான் எழுதியது:

நீருடும்பு என்று புத்தகத்தில் எழுதுங்கோ, ஆட்சேபணை இல்லை. ஆனால் எங்கட ஊரில் யாரும் சொல்லப்போவதில்லை. பழகிய பெயர் இருக்கும்போது புதிசாக ஒன்று எதற்கு? கபரகொய்யா என்றால் ஆளுக்கு ஆள் விளங்கும். தெரணியகல வைத்ததை விஞ்ஞானம் தள்ளிவிட்டது என்றால் தமிழிலாவது இருந்துவிட்டுப் போகட்டுமே.

இன்னொன்று. பதிவானதில் மிகப் பெரிய சால்வேட்டர் கண்டி ஏரியில் கிடைத்ததுதான் என்று வாசித்திருக்கிறேன், 3.21 மீட்டர், பத்தரை அடி. கூவம்கரை அண்ணை பார்த்தது ஆறடி என்றால் அது இன்னும் பொடியன்.

கஞ்சிராப்பிரியன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் தாத்தா வாசித்த பழைய கஞ்சிரா இருக்கிறது, உடும்புத்தோல் போர்த்தியது. இது இந்த இரண்டில் எது? வைத்திருப்பது குற்றமா?

பல்லிநேசன் எழுதியது:

தமிழ்நாட்டில் போர்த்தியது என்றால் நம்ம உடும்பு, பெங்காலென்சிஸ்தான். செதிலின் தடம் தோலில் சிறுசிறு மணியாகத் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இன்று புதிதாக அந்தத் தோலில் செய்வதோ விற்பதோ வாங்குவதோ கூடாது, அதனால்தான் ஆட்டுத்தோலுக்கும் ஃபைபருக்கும் வித்வான்கள் மாறிவிட்டார்கள். நாதம் அப்படி வராது என்று குறைப்பட்டுக்கொண்டேதான் மாறினார்கள். வீட்டில் இருக்கிற பழையதைப் பற்றி இங்கே கேட்பதை விட வனத்துறை அலுவலகத்தில் ஒரு முறை நேரில் விசாரித்துவிடுங்கள், அதுவரை விற்கிற பேச்சே வேண்டாம்.

கூவம்கரை எழுதியது:

பையனிடம் ‘சால்வேட்டர் சால்வேட்டர்’ கதையைச் சொன்னேன். அசலுக்குத்தான் பெயர் இரண்டு முறை வரும் என்றதும் நேற்றிலிருந்து தன் பெயரை நோட்டில் இரண்டு முறை எழுதிக்கொண்டிருக்கிறான். வகுப்பாசிரியர் கூப்பிட்டு விசாரித்தால் உங்கள் எல்லோர் பெயரையும் சொல்லிவிடுவேன்.